பிசிறில்லாத கோல்கீப்பர்

அத்தியாயம் பதினான்கு

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் தம்பியும் ஒரே சோபாவில் உட்கார்ந்து காபி குடித்ததைப் பார்த்தோம். சாதாரணக் காபி இல்லை அது. கார்டுகள் இருந்த ஒரு பெட்டி வீட்டில் காணாமல் போக, "நீதான் எடுத்தே" என்று அண்ணன் ஒரே ஒரு வார்த்தை சொல்ல, தம்பி பதில் பேசாமல் மனைவியோடு வெளியேறி, பிறகு எத்தனையோ நல்லது கெட்டதுகளை முகம் பார்க்காமலே கடத்திவிட்ட குடும்பம். அந்தக் காபியைப் போட்டு, இரண்டு பேர் கையிலும் திணித்து, யாரும் எழுந்து போய்விடாதபடி வாசலை மறித்துக்கொண்டு நின்றவள் மூத்த மருமகள். தையல்காரி.

கிளம்பும் நேரத்தில் அண்ணன் கண்ணாடி அலமாரியைக் காட்டி ஒன்று சொன்னார். பையனாக இருந்த நாளிலிருந்து அவர் சேர்த்த பழைய கால்பந்து கார்டுகள் அதில் வரிசையாக நின்றன. எல்லாம் தரம் பார்த்து, மார்க் வாங்கி, பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடப்பட்டவை. ஒரே ஒரு இடம் காலி. கோல்கீப்பர் கார்டு. கையை விட்டு அனுப்பப் பயந்து அதை மட்டும் அவர் மார்க் வாங்காமல் உறையில் தனியாக வைத்திருந்தார்.

"நாளைக்கு உன் அண்ணிகிட்ட கொடுத்து விடறேன். நீயே கிரேடிங்குக்கு அனுப்பிடு" என்றார் தம்பியிடம்.

திருடன் என்று சொன்னவன் கையிலேயே உயிரை எடுத்துக் கொடுத்தார். தம்பி நின்ற இடத்திலேயே நின்றான். அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "மரம் மாதிரி நிக்காதீங்க, செருப்பைப் போடுங்க" என்று விரட்டினாள்.

இன்றைய கதை இளைய மருமகளுடையது.

இளையவளுக்கு வேலை கார்டுகளுக்கு மார்க் போடுவது. வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். அலுவலகத்தில் அதற்குக் கிரேடர் என்று பெயர். சேகரிக்கிறவர்கள் அனுப்பும் கார்டை லென்ஸ் வைத்து, நாலு மூலை, நாலு விளிம்பு, மேல்பரப்பு, படம் நடுவில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்றெல்லாம் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று எண் கொடுப்பாள். கணவன் அவளை 'பூதக்கண்ணாடி' என்றுதான் கூப்பிடுவான். சட்டையில் இல்லாத கறையைக்கூடக் கண்டுபிடிக்கிறாள் என்பது அவன் புகார்.

இதுவரை அவள் இருந்தது புது மேசை. புதுக் கார்டுகள் பாக்கெட்டைப் பிரித்த கையோடு உறைக்குள் போய், விரல் படாமல் வந்து சேருகிறவை. தகடு மாதிரி மின்னும். மூலையில் ஊசிமுனை வெள்ளை தெரிந்தாலும் பத்து போய் ஒன்பது. ஒன்பது வாங்கியவர்கள் போனில் அழுவார்கள். இளையவளுக்கு அதில் நல்ல பெயர். அவளிடம் பத்து வாங்கினால் வாங்கினதுதான் என்பார்கள்.

பழைய மேசைக்காரர் கண்ணில் புரை எடுக்க லீவு போட்டிருந்தார். ஊருக்கெல்லாம் லென்ஸ் பிடித்தவருக்கு அவர் கண்ணே தெரியவில்லை. அதனால் இன்று காலையில் இளையவளை அந்த மேசையில் உட்கார வைத்தார்கள்.

சூப்பர்வைசர் அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதலிலேயே சொல்லிவிட்டாள்.

"அங்க குறை தேடுவே இல்ல, அதை இங்க தேடாதே. பழசு தேஞ்சுதான் இருக்கும். பசங்க டவுசர் பாக்கெட்ல போட்டுக்கிட்டு ஓடியிருப்பாங்க. மழையில நனைஞ்சிருக்கும். அதுக்கெல்லாம் நாலு, அஞ்சுன்னு மரியாதையாப் போட்டுடு. அச்சாகி வந்தப்புறம் யாராவது கை வச்சு அழகு பண்ணியிருக்காங்களான்னு மட்டும் பாரு. அதுக்கு மன்னிப்பே கிடையாது. மார்க்கும் கிடையாது."

"புரியுது மேடம்."

புரிந்தது என்று வாய்தான் சொன்னது. கை கேட்கவில்லை. முதல் தட்டு கார்டுகளுக்கு இளையவள் இரண்டும் மூன்றுமாக வாரி வழங்கினாள். சூப்பர்வைசர் ஒவ்வொன்றாகத் திருத்தி ஐந்தாக்கினாள். "ஏம்மா, கிழவரை ஓட்டப்பந்தயத்துல விட்டுட்டு மூச்சு வாங்குறார்னு மார்க் குறைக்கிறியே" என்றாள். பக்கத்து மேசையில் சிரித்தார்கள். இளையவளும் சிரித்துக்கொண்டாள்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்பு அந்தக் கார்டு வந்தது.

அங்கே எந்தக் கார்டிலும் அனுப்பியவர் பெயர் இருக்காது. பார்கோடு மட்டும்தான். கோல்கீப்பர் ஒருவர் பக்கவாட்டில் பாய்ந்துகொண்டிருந்தார். வண்ணம் சற்று மங்கல். மூலைகளில் லேசான தேய்மானம். ஆனால் விளிம்பு நாலும் கத்தியாக நின்றன. பிசிறு என்பதே இல்லை. காலையிலிருந்து நைந்த விளிம்புகளையே பார்த்து அலுத்த கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. அப்பாடா, ஒன்று தேறியது என்று எட்டு தட்டினாள். பதிவு செய்ய விரல் பொத்தானுக்குப் போனது.

போன விரல் நின்றது.

இதே வரிசைக் கார்டுகள் நாலைந்தைக் காலையில்தான் பார்த்திருந்தாள். எல்லாவற்றுக்கும் விளிம்பில் பிசிறு இருந்தது. அந்தக் கம்பெனியில் கார்டு வெட்டிய இயந்திரம் அப்படி. மழுங்கிப்போன பிளேடு. அந்தக் கார்டுகள் பிறக்கும்போதே பிசிறோடு பிறந்தவை. சூப்பர்வைசர் திருத்தும்போது சொன்னாளே, "இது தேய்மானம் இல்லம்மா, இது அதோட பிறப்பு" என்று. அப்படியிருக்க இந்த ஒன்று மட்டும் எப்படி மழமழவென்று?

அளவுத் தகட்டில் வைத்தாள். அகலத்தில் ஒரு மயிரிழை குறைந்தது. யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

கார்டைத் திருப்பினாள். பின்பக்கம் பபிள்கம் ஒட்டியிருந்த பழுப்புக் கறை. நடுவில் வெளுத்த ஒரு வட்டம். ஞாயிற்றுக்கிழமை பெரிய அத்தான், கணவனின் அண்ணன், அதைத்தான் காட்டி, "பாத்தியாம்மா, நிலா மாதிரி இல்ல?" என்று சிறுபிள்ளையாகச் சிரித்தார்.

அதே கார்டுதான் இது.

கார்டு பெரிய அத்தான் கையிலிருந்து அக்கா என்று அவள் கூப்பிடும் மூத்தவள் கைக்கு வந்தது. அக்கா கையிலிருந்து தன் கணவன் கைக்கு. அவன் புதுக் கார்டு வியாபாரி. ஒன்பது என்றால் மூஞ்சியைத் தூக்குகிறவன். கடையில் பேப்பர் வெட்டும் கருவியும் வைத்திருக்கிறான். அண்ணன் சந்தோஷப்படட்டும் என்று அழகு பண்ணியிருப்பான். வேறு யார்?

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைகிற கதை. 'விளிம்பு வெட்டப்பட்டது' என்ற சீட்டோடு இந்தக் கார்டு வீட்டுக்குப் போனால் அண்ணன் முகம் எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியும். பழைய குருடி கதவைத் திறடி என்று எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

திரையில் எட்டு என்ற எண் அப்படியே இருந்தது. ஒரு பொத்தான். யாருக்கும் தெரியப்போவதில்லை.

அக்காவை நினைத்துக்கொண்டாள். குடல்வால் வெடித்துத் தான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் வந்தவள் அவள்தான். அப்போது இரண்டு வீட்டுக்கும் பேச்சே இல்லை. "பட்டன் வாங்கப் போறேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டு, டப்பாவில் கஞ்சியோடு வந்து நிற்பாள். அவள் வாங்கியதாகச் சொன்ன பட்டன்களை வைத்து ஒரு பட்டாளத்துக்கே சட்டை தைக்கலாம். பெற்ற தாய் இல்லாத குறையை இளையவள் அங்கேதான் மறந்தாள். அந்த அக்கா மெனக்கெட்டுச் சேர்த்துவைத்த குடும்பம், இந்த ஒரு பொத்தானில் தொங்கிக்கொண்டிருந்தது.

அழுத்தினால் என்ன?

அழுத்தினால் அந்தக் கண்ணாடி அலமாரியில் ஒரு பொய் போய் உட்காரும். அதை அத்தான் தினமும் துடைப்பார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். பார்க்கும்போதெல்லாம் இவள் தலையைக் குனிய வேண்டும். அக்காவுக்கு நன்றி சொல்வது என்றால் அவள் புருஷனை ஏமாற்றிச் சொல்வதா?

இளையவள் எட்டை அழித்துவிட்டுக் கையைத் தூக்கினாள்.

"மேடம், இது எங்க வீட்டுக் கார்டு. நான் பாக்கக்கூடாது."

சூப்பர்வைசர் வந்து கார்டை எடுத்தாள். விளிம்பைப் பார்த்ததும் அவள் புருவம் உயர்ந்தது. எதையும் கேட்கவில்லை. "சொன்னதுக்கு சந்தோஷம்மா. போய்ச் சாப்பிடு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் வேறொருவர் பார்க்கட்டும் என்று கார்டை மாடிக்கு அனுப்பினாள். அரை மணி நேரத்தில் தீர்ப்பு வந்தது. மார்க் இல்லை. விளிம்பு வெட்டப்பட்டது. அவள் வீட்டுக் கார்டு என்பதால் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவளிடமே கொடுத்துவிட்டார்கள்.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே கணவனுக்குப் போன் போட்டாள்.

"கோல்கீப்பர் கார்டு என் மேசைக்கே வந்துச்சு."

கையிலிருந்த சீட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"வெட்டியிருக்கு. மார்க் இல்லன்னு திருப்பிட்டாங்க. நீங்களா வெட்டினீங்க?"

கடையில் யாரோ எதையோ விலை கேட்கும் குரல் கேட்டது. பிறகு அவன் சொன்னான்.

"ஆமா."

"ஏங்க? உங்களுக்குத் தெரியாததா? பழைய கார்டுல கத்தி வைக்கலாமா?"

"சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போவோம். நானே சொல்லிக்கிறேன். நீ ஒண்ணும் பேசாதே."

"உங்க அண்ணன் இந்தத் தடவை வாசல்படி மிதிக்க விடமாட்டார்."

"தெரியும்" என்று போனை வைத்தான்.

அந்தத் 'தெரியும்' அவளை உறுத்தியது. கோபமாகப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஏற்கெனவே மூட்டை கட்டி முடித்தவன் மாதிரி சொன்னான்.

சாயங்காலம் இருவரும் போனபோது அண்ணன் இன்னும் வரவில்லை. லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் யார் நடுவழியில் மாட்டிக்கொண்டு கத்துகிறார்களோ, அவர்கள் இறங்கின பிறகுதான் இவர் வீட்டுக்கு வருவார். உள்ளறையில் மாமியார் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். மூத்தவள் கழுத்தில் அளவு நாடாவோடு வாசலுக்கு ஓடி வந்தாள்.

"எவ்வளவு மார்க்? நல்ல மார்க்தானே? உன் கைக்கு வந்துச்சா?"

இளையவளால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அத்தான் வரட்டும்கா" என்றாள்.

அத்தான் வந்தார். கையைக்கூடக் கழுவவில்லை. கிரீஸ் விரலை மடக்கிக்கொண்டு சோபா நுனியில் உட்கார்ந்து, பரீட்சை முடிவு கேட்கிற பையனைப் போல நிமிர்ந்து பார்த்தார். இளையவள் உறையை மேசையில் வைத்தாள். சீட்டைப் படித்தார். மறுபடி படித்தார்.

"வெட்டினதுன்னு போட்டிருக்கே."

தம்பி ஓர் அடி முன்னால் வந்தான். "நான்தான் அண்ணே வெட்டினேன்."

உள்ளறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் முகத்தில் இரண்டு நாளாக இருந்த வெளிச்சம் அப்படியே வடிந்தது. அவர் கத்தவில்லை. கதவைப் பார்த்தார். அதுதான் இளையவளுக்குப் பயமாக இருந்தது. முன்பு ஒரு நாள் அவர் இப்படிக் கதவைப் பார்த்ததும்தான் இவர்கள் வெளியேறினார்கள்.

"வெளியே..." என்று ஆரம்பித்தார்.

"தம்பி எங்க வெட்டுச்சு?" என்றாள் மூத்தவள், அடுப்படி வாசலிலிருந்து. குரலில் குழப்பம்தான் இருந்தது, பயம் இல்லை. "நான்ல வெட்டினேன்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"கொடுத்து விடறதுக்கு முன்னாடி உறையிலேர்ந்து எடுத்துப் பாத்தேன். நாலு பக்கமும் பிசிறு அடிச்சுக் கெடந்துச்சு. பெரிய இடத்துக்குப் போற சாமான், இப்படியா அனுப்புறதுன்னு ஸ்கேல் வச்சு, கோடு பிடிச்சு, என் நல்ல கத்திரியால நறுக்கினேன். கோணல் இருக்கா சொல்லுங்க பாப்போம்."

கோணல் இல்லைதான். அவ்வளவு நேர்த்தி.

இளையவள் கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

"உறையைப் பிரிச்சதுமே தெரிஞ்சுது. அண்ணி போன்ல வேற கேட்டாங்க, கார்டு இப்ப நீட்டா இருக்கான்னு. அவ்வளவு சந்தோஷமாக் கேட்டாங்க. நான் என்னத்தைச் சொல்றது? அனுப்பலைன்னா அண்ணன் ஏன்னு கேப்பாரு. சரி, திரும்பி வரட்டும், நான்தான்னு சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். உன் மேசைக்கு வரும்னு யாரு கண்டா?"

"நான் செஞ்சது தப்பா?" என்றாள் மூத்தவள். எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "ஐயோ, நாசமாக்கிட்டேனா?"

அண்ணன் கார்டை எடுத்து, கிரீஸ் படாமல் உள்ளங்கைகளுக்கு நடுவே பிடித்துக்கொண்டு விளிம்பையே பார்த்தார்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த அலமாரிப் பக்கம் நீ திரும்பினதில்லை" என்றார் மனைவியிடம். "சின்னப் பசங்க விளையாட்டுன்னு சொல்லுவே."

"இப்பவும் அப்படித்தான் சொல்றேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஆனா ஞாயித்துக்கிழமை நீங்க தம்பியை உக்காருன்னு சொன்னீங்களே. நான் எத்தனை வருஷமாக் கெஞ்சினேன். அன்னிக்கு நீங்களா சொன்னீங்க. உங்களுக்கு ஏதாவது செய்யணும்போல இருந்துச்சு. எனக்கு வேற என்ன தெரியும்? பிசிறு வெட்டத்தான் தெரியும்."

அண்ணன் உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை. எழுந்து போய் அலமாரியைத் திறந்து, காலியாக இருந்த இடத்தில், மார்க் இல்லாத அந்தக் கார்டைச் சீட்டோடு சேர்த்தே நிறுத்தினார்.

"யாராவது கேட்டா என் பொண்டாட்டி தைச்சுக் கொடுத்ததுன்னு சொல்லுவேன்" என்றார்.

மூத்தவள் அழுதுகொண்டே சிரித்தாள். அவர் இளையவள் பக்கம் திரும்பினார்.

"நீ நெனச்சிருந்தா மார்க் போட்டிருக்கலாம் இல்லையா?"

"எட்டு போட்டேன் அத்தான். அப்புறம் அழிச்சிட்டேன்."

"அழிச்சதுக்கு நான் உனக்கு நன்றி சொல்லணும். பொய்யை வச்சுக் கும்பிட்டுக்கிட்டு இருந்திருப்பேன்."

இளையவளுக்குக் கண் நிறைந்தது. அக்காவின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கத்திரி பிடித்துக் காய்ப்பேறிய கட்டைவிரல். இந்தக் கை எனக்குக் கிடைத்ததே, இந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டோமே என்று அந்த நிமிஷம் முழுமனசாக நினைத்தாள். பக்கத்தில் நின்ற கணவனைப் பார்த்தும் அதையே நினைத்தாள். அண்ணிக்காக அண்ணனையே மறுபடி இழக்கத் தயாராக வந்தவன். மதியம் அவனிடம் சீறியதற்கு வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

"சரி, எல்லாரும் சாப்பிட வாங்க" என்று மூத்தவள் எழுந்தாள்.

அண்ணன் வரவில்லை. மறுபடியும் சோபா நுனியில் உட்கார்ந்து, தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ நான்தான்னு சொன்னியே, நான் நம்பிட்டேன்டா" என்றார். "ஏன் எதுக்குன்னு கேக்கக்கூட இல்லை. உடனே நம்பிட்டேன். கதவைப் பாத்தேன்."

"விடுங்கண்ணே. சாப்பாடு ஆறுது."

"அன்னிக்குப் பெட்டி காணாமப் போனப்பவும் இப்படித்தான் நின்னே. இதே மாதிரி, தரையைப் பாத்துக்கிட்டு. நான் இல்லைன்னு நீ ஒரு வார்த்தை சொல்லலை. சொல்லாததையே நான் சாட்சியா எடுத்துக்கிட்டேன்." அவர் குரல் உடைந்தது. "இன்னிக்கு அண்ணிக்காக நின்னே. அன்னிக்கு யாருக்காக நின்னேடா?"

தம்பியின் கண் உள்ளறைப் பக்கம் போய்த் திரும்பியது.

உள்ளறையில் மாமியார் டிவியை அணைத்தார்.